மாதம் ஒரு தலைப்பு, ஆளுக்கு ஒரு படம்

(நம் சங்கத்தின் புகைப்படக் குழு தொடக்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காகச் சில இடங்களைக் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.)



செயலாளர் எனக்கு 20 நிமிடம் கொடுத்திருக்கிறார். 34 வருஷம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன், மணி பார்க்கத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

திட்டம் இதுதான். ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி ஒரு தலைப்பு அறிவிப்போம். அந்த மாதத்துக்குள், அந்தத் தலைப்பில், நீங்களே எடுத்த ஒரு படம் கொடுக்க வேண்டும். ஒன்றே ஒன்று. கடைசி ஞாயிறு மாலை கிளப் ஹவுஸில் உட்கார்ந்து எல்லாப் படங்களையும் ஒன்றாகப் பார்ப்போம், பேசுவோம். கேமரா வேண்டியதில்லை, போன் போதும். வயது வரம்பு இல்லை. பரிசு இல்லை. இந்தப் பரிசு விஷயத்தில்தான் கமிட்டியில் இரண்டு மாதமாக விவாதம். பரிசு வைத்தால்தான் ஆள் வருவார்கள் என்றார் ஒருவர். ஸ்பான்சர் பிடித்துத் தருகிறேன் என்றார் இன்னொருவர். நான் வேண்டாம் என்ற கட்சி. ஏன் என்று உங்கள் முன்னால் சொல்லச் சொல்லி என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வி. போன வாரம் லிஃப்டில் ஒரு சகோதரி கேட்டார்: "சார், என் போனில் ஏற்கெனவே 11,000 படம் இருக்கு. இதில் இன்னொன்று எதற்கு?"

நியாயமான கேள்வி. அந்த 11,000 படத்தில் என்ன இருக்கிறது? வந்த குட் மார்னிங் ரோஜாப்பூ, கேஸ் பில், டாக்டர் சீட்டு, ஷாப்பிங் மாலில் வண்டி விட்ட தூணின் நம்பர், பேரனின் ஒரே சிரிப்பு பதினேழு தடவை. வங்கியில் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று ஒன்று உண்டு. எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று உடனே தெரியாத பணத்தை அதில் போட்டு வைப்போம். தாற்காலிக ஏற்பாடு. விசாரித்து, உரிய கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். நாளாக நாளாக சஸ்பென்ஸில் நிலுவை ஏறிக்கொண்டே போனால் ஆடிட்டர் வந்து உட்கார்ந்துகொள்வார். நம் எல்லோருடைய போன் கேலரியும் இன்று ஒரு பெரிய சஸ்பென்ஸ் அக்கவுன்ட். எதையும் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. மாதம் ஒரு தலைப்பு என்பது, குறைந்தது ஒரு பதிவையாவது எடுத்து உரிய பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு கெடு.

தலைப்பு கொடுத்தால் இன்னொன்றும் நடக்கிறது. "எதையாவது நல்லதாக ஒரு படம் எடுத்து வாருங்கள்" என்றால் எல்லோரும் சூரிய அஸ்தமனத்தைத்தான் எடுப்போம். "நிழல்" என்று சொல்லிவிட்டால், மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிக் கம்பியின் நிழல் படிகளில் மடிந்து மடிந்து விழுவது கண்ணில் படும். அது இத்தனை வருஷமும் அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது.

இந்த வழக்கம் புதிதில்லை. நம் நாட்டில் பம்பாயில் 1854-லேயே புகைப்படச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். லண்டனில் தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கல்கத்தாவில் 1856. அதே காலத்தில் சென்னையிலும் தொடங்கினார்கள். அங்கே ஓவியப் பள்ளியை ஏற்படுத்திய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் அதற்கு முன்னின்றார். உறுப்பினர்கள் எடுத்த படங்களைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டுவது, எப்படி எடுத்தோம் என்று சொல்வது, மற்றவர்கள் கேள்வி கேட்பது, அன்றைக்கும் வேலை இதுதான். கல்கத்தாச் சங்கத்தில் ஒரு தகராறும் நடந்தது. பொருளாளராக இருந்த ராஜேந்திரலால் மித்ரா, அவுரித் தோட்டத்து வெள்ளைக்கார முதலாளிகள் செய்யும் கொடுமையைப் பற்றி 1857-இல் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசினார். படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சங்கத்தை விட்டு நீக்கிவிட்டார்கள். நம் பொருளாளர் பயப்பட வேண்டாம்.

அந்தக் காலத்துப் படங்களில் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். லின்னேயஸ் டிரைப் என்று ஒரு ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். 1858-இல் மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர் என்று சுற்றிப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் கல்வெட்டு ஓடுகிறது இல்லையா, அதை ஒரே படத்தில் அடக்க முடியாது. டிரைப் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். நம் போனில் பனோரமா என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அந்த வேலையை அவர் மெழுகு தடவிய காகித நெகட்டிவில் செய்தார். அதில் அழகு காட்ட வேண்டும் என்ற எண்ணமே இல்லை. எழுத்து படிக்கும்படி வர வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வருஷம் புதிதாக வந்த கவர்னர் ட்ரெவெல்யன், இது ஆடம்பரச் செலவு என்று சொல்லி அந்த வேலையையே நிறுத்த வைத்தார். எந்தக் காலத்திலும் ஆடிட் அப்ஜெக்‌ஷன் இப்படித்தான் இருக்கும்.

பிறகு கேமரா கிளப்கள் பெருகின. 1953-இல் இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பு வந்தது. கிளப்களில் மாதப் போட்டி என்பது ஒரு சடங்கு போல நிலைத்தது. ஒரு மாதம் பொதுத் தலைப்பு, ஒரு மாதம் குறிப்பிட்ட தலைப்பு. வெளி கிளப்பிலிருந்து ஒரு நடுவர் வருவார். மார்க் போடுவார். 12 மாத மார்க்கைக் கூட்டி ஆண்டின் சிறந்த புகைப்படக்காரர் என்று ஒரு கோப்பை. இதில் நல்லது நிறைய உண்டு. இப்படி மாதாமாதம் படம் கொடுத்தே கை தேர்ந்தவர்கள் ஏராளம். தேதிக்குள் பிரின்ட் போட்டு அட்டையில் ஒட்டிக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஒரு மனிதனைச் செய்ய வைக்கும் வேலை கொஞ்சமில்லை.

ஆனால் மார்க் வந்துவிட்டால் ஒரு வியாதியும் கூடவே வரும். நடுவருக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்து எடுக்க ஆரம்பிப்போம். மூக்குத்தி போட்ட கிழவியின் சுருங்கிய முகம், கறுப்பு வெள்ளையில். புகை நடுவே ஒளிக்கற்றை. வலை வீசும் மீனவர், வலை பூப்போல விரிந்த நொடி. பார்த்த படத்தையே மறுபடி பார்க்கிறோம். நம்மைப் போன்ற 90 குடும்பத்துக் குடியிருப்பில் இன்னும் மோசமாகும். பெரிய லென்ஸ் வைத்திருக்கும் மூன்று பேர் மாற்றி மாற்றிப் பரிசு வாங்குவார்கள். நான்காவது மாதம் அந்த மூன்று பேர் மட்டும்தான் வருவார்கள். முதல் மாதம் சிரமப்பட்டு பால்கனித் துளசியை எடுத்துவந்த மாமி, நமக்கு எதற்கு இது என்று இருந்துவிடுவார். நான் பார்க்க ஆசைப்படுவது அந்தத் துளசியைத்தான்.

மார்க் போட ஆளே இல்லாமல் ஒருவர் எப்படி விடாமல் செய்தார் என்பதற்கு நம் ஆள் ஒருவர் இருக்கிறார். மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். இயற்கை ஆர்வலர், காட்டுயிர்ப் புகைப்படக்காரர். 1950 முதல் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார். 1996-இல் இறக்கும்வரை, 46 வருஷம் அந்தப் பத்தி வந்தது. பல கடைகளில் கிடைத்த உதிரி பாகங்களை இணைத்துத் தானே ஒரு கேமரா கட்டிக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேரும் வைத்தார். யானையை எடுத்தவர்தான், ஆனால் வீட்டுப் பக்கத்து அணிலையும் காக்கையையும் பற்றி அதே அக்கறையோடு எழுதினார். கெடு என்று ஒன்று இருந்தால் அணில்கூட விஷயமாகும்.

சரி, என்னென்ன தலைப்பு? பன்னிரண்டையும் இப்போதே சொல்லமாட்டேன். சிலவற்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஒரு மாதம் "வெள்ளை". மார்கழியில் வைக்கலாம் என்று எண்ணம், கோலம் இருக்கும். சுலபம் என்று நினைப்பீர்கள். எடுத்துப் பாருங்கள், இட்லி சாம்பல் நிறத்தில் வரும். காரணம் இருக்கிறது. கேமராவுக்கு எதிரே இருப்பது இட்லியா நிலக்கரியா என்று தெரியாது. உலகம் மொத்தமும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் வெளிச்சத்தைக் கணக்குப் போடும். வெள்ளை அதிகம் இருந்தால், ஐயோ வெளிச்சம் கூடிவிட்டது என்று தானே குறைத்துவிடும். கறுப்பு அதிகம் இருந்தால் கூட்டிவிடும். அதனால் கறுப்புக் கோட்டும் சாம்பல், வெள்ளை வேட்டியும் சாம்பல். போனில் படத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினால் ஒரு சின்னச் சூரியன் மாதிரி குறி வரும். அதை மேலே தள்ளுங்கள். வேட்டி வெளுக்கும். இந்த ஒரு விஷயத்தைப் படித்துக் காட்டினால் மறந்துபோகும். ஒரு மாதம் வெள்ளையோடு மல்லுக்கட்டினால் ஆயுசுக்கும் மறக்காது.

கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு வெள்ளையைப் பற்றி எங்களைவிட நன்றாகத் தெரியும். மங்கி மஞ்சளாகிப்போன பழைய லென்ஸை எடுத்த பிறகு சுவர் கொஞ்சம் நீலமாகத் தெரியும். என் மனைவி வீட்டுக்கு வந்ததும் எப்போது பெயின்ட் அடித்தீர்கள் என்று கேட்டாள்.

இன்னொரு மாதம் "கை". காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தறியை எடுக்காமல் இருக்க முடியாது. கோர்வைப் புடவை நெய்யும்போது உடம்பும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். நெசவாளிக்கு மறுபக்கம் இன்னொரு கை வேண்டும். பெரும்பாலும் வீட்டு ஆள்தான் அந்தக் கை. போட்டிப் படங்களில் நெசவாளியின் முகம் வரும், பட்டின் பளபளப்பு வரும். அந்த இரண்டாவது கை வருவதில்லை. யாராவது அதை எடுத்து வந்தால் எனக்கு மகிழ்ச்சி.

மூன்றாவதாக ஒன்று. இதைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்து வந்தேன். தலைப்பு: "படத்தில் இல்லாதவர்".

என் வங்கிக் காலத்தில், ஒரு கிராமத்துக் கிளையில் இருந்தபோது நடந்தது. ஒரு வயதான அம்மா. மாதாமாதம் விதவை பென்ஷன் வாங்க வருவார், கைநாட்டு. ஒரு நாள் அவருடைய மகனும் மருமகளும் வந்து கவுன்ட்டரில் நின்றார்கள். அம்மா தவறிவிட்டார், பதினாறாம் நாளுக்குப் படம் வைக்க வேண்டும், வீட்டில் ஒரு படம்கூட இல்லை, கணக்கு ஆரம்பிக்கும்போது ஒட்டிய படம் உங்களிடம் இருக்குமே என்று கேட்டார்கள். இருந்தது. கணக்குத் தொடங்கும் படிவத்தின் மூலையில், பசை போட்டு ஒட்டிய பாஸ்போர்ட் அளவுப் படம். பாதி கன்னத்தின் மேல் எங்கள் கிளையின் ரப்பர் ஸ்டாம்ப். படிவத்தை வெளியே கொடுக்க விதி இல்லை. போன் கேமரா வராத காலம். மேனேஜர் கொஞ்ச நேரம் யோசித்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஸ்டுடியோக்காரரைக் கேமராவோடு வரச் சொன்னார். படிவத்தை ஜன்னல் வெளிச்சத்தில் மேஜைமேல் வைத்து, நாங்கள் இரண்டு பேர் பக்கத்தில் நிற்க, அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். ஸ்டாம்ப் மையை அழித்துப் பெரிதாக்கிக் கொடுத்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

எழுபது வருஷம் வாழ்ந்த ஒருவருக்கு இருந்த ஒரே படம், அரசாங்கம் அடையாளத்துக்குக் கேட்டதால் எடுத்தது. அது ஏழை வீடு, நம் வீட்டில் அப்படி இல்லை என்பீர்கள். இன்று இரவு உங்கள் போனைத் திறந்து பாருங்கள். போன தீபாவளிப் படங்களில் பலகாரம் சுட்டவர் எத்தனை படத்தில் இருக்கிறார்? எடுப்பவரும் இருக்கமாட்டார், அடுப்படியில் நிற்பவரும் இருக்கமாட்டார். 2019-இல் அத்தி வரதர் 48 நாள் தரிசனம் கொடுத்தபோது, காஞ்சிபுரத்தில் வீடு இருந்தவர்கள் எல்லோர் வீட்டிலும் உறவுக் கூட்டம். கூடத்தில் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்திருந்தார்களே, விடிகாலை 3 மணிக்குக் காபி போட்டுக் கொடுத்தவர் ஒருவர் உண்டே, அதை யாராவது எடுத்து வைத்திருக்கிறோமா? அடுத்த தடவை 2059. நான் கணக்கில் வரமாட்டேன்.

அதனால் அந்த மாதம், உங்கள் வீட்டில் படத்தில் இல்லாதவரை எடுத்து வாருங்கள். போஸ் கொடுக்க வைக்காதீர்கள். அவர் செய்துகொண்டிருக்கும் வேலையோடு எடுங்கள்.

உடனே யாரோ கேட்பது காதில் விழுகிறது. நம் குடியிருப்பில் படத்தில் இல்லாதவர் என்றால் வாட்ச்மேன் இருக்கிறார், வீட்டு வேலைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள், குப்பை எடுப்பவர் இருக்கிறார், அவர்களை எடுக்கலாமா? எடுக்கலாம், கேட்டுவிட்டு. வேண்டாம் என்றால் வேண்டாம். நம்மிடம் சம்பளம் வாங்குபவர் நம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வது கஷ்டம் என்பதையும் நினைவில் வையுங்கள். தயங்கினாலே மறுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் எடுத்து, "உழைப்பின் ரேகைகள்" என்று தலைப்பு வைத்துக் கொண்டுவரும் படத்தை நான் திரையில் போடமாட்டேன். குழந்தைகள் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். எதிர் பிளாக் பால்கனி, கொடியில் காயும் துணி, ஜன்னலுக்குள் தெரியும் ஆள், எதுவும் கூடாது. எழுபது எம்எம் ஜூம் வாங்கியிருக்கிறேன், பரீட்சை பார்த்தேன் என்று காரணம் சொல்லக் கூடாது. படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரின்ட் போய்ச் சேர வேண்டும் என்பது இந்தக் குழுவின் விதி. செலவு சங்கத்துடையது, பொருளாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பறவைக்கும் இதே மரியாதை உண்டு. குளிர்காலத்தில் வேடந்தாங்கலுக்கு ஒரு நாள் போகலாம் என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், போகலாம். கூட்டில் இருக்கும் குஞ்சையும் முட்டையையும் கிட்டே போய் எடுக்கும் படம் வேண்டாம். கூட்டுப் படங்களைப் பல இந்தியப் போட்டிகளே ஏற்பதில்லை. தாய்ப் பறவை பயந்து எழுந்து போனால் காக்கைக்கும் வெயிலுக்கும் அது வசதி. அந்த ஊர் ஜனங்கள் 1790-களிலேயே, ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாது என்று அன்றைய கலெக்டரிடம் எழுதி வாங்கியவர்கள். நாம் போய் அவர்கள் பேரைக் கெடுக்க வேண்டாம்.

இப்போது என் ஊருக்கு வருகிறேன். கூரம் என் சொந்த ஊர் என்பது பலருக்குத் தெரியும். கூரத்தாழ்வான் பிறந்த ஊர். ராமானுஜருக்காகத் தன் கண்களையே இழந்தவர் என்று வைணவ மரபு சொல்லும். பல்லவன் முதலாம் பரமேஸ்வரவர்மன் காலத்துச் செப்பேடு எங்கள் ஊரில் கிடைத்தது. 7-ஆம் நூற்றாண்டு. கோயிலுக்கு என்னென்ன செலவு, ஏரிக்குப் பாலாற்றிலிருந்து வாய்க்கால், மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏற்பாடு என்று எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. ஒரு நல்ல கணக்குப்பிள்ளை எழுதிய மாதிரி இருக்கும். அந்தக் கோயில் பின்பக்கம் வளைந்த தூங்கானை மாட வடிவம். இன்று சிதைந்து நிற்கிறது. கூரத்தில் கிடைத்த நடராஜர் செப்புத் திருமேனி பல்லவர் காலத்தது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அவர் இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். பத்திரமாக இருக்கிறார், குறை இல்லை. பஸ் ஏறினால் போய்ப் பார்க்கலாம்.

எல்லா ஊர் நடராஜருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயில் நடராஜர் திருடு போனார். ஆஸ்திரேலியாவில் கான்பெராவிலுள்ள தேசியக் கலைக்கூடம் 2008-இல் அவரைச் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர்கள் காகிதமெல்லாம் சரியாக வைத்திருந்தார்கள். இது எங்கள் ஊர்ச் சாமி என்று சொல்ல நம்மிடம் என்ன இருந்தது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரர்கள் 1950-களிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள், ஒரு லட்சத்துக்கும் மேல். அதில் ஸ்ரீபுரந்தான் படமும் இருந்தது. பளீரென்று வெளிச்சம் போட்டு, நேருக்கு நேர் எடுத்த ஆவணப் படம். எந்தக் கிளப் போட்டியிலும் இரண்டாம் சுற்றுக்குப் போகாது. அந்தப் படத்தையும் கலைக்கூடத்துச் சிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் குட்டு உடைந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே நடராஜரை டெல்லிக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதனால் வருஷத்தில் ஒரு மாதம் "ஆவணம்" என்று தலைப்பு. அந்த மாதம் கலையுணர்ச்சியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். நேராக நின்று, முழுவதும் தெரியும்படி, தெளிவாக எடுங்கள். நம்மைச் சுற்றி எது இருக்கிறது? ஏரியின் கரை இன்று எங்கே இருக்கிறது, மதகு எப்படி இருக்கிறது, கலங்கல் எங்கே, சாலை ஓரத்தில் விழுந்து கிடக்கும் நடுகல், நம் பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் மழைநீர் வாய்க்காலின் வாய். ஐந்து வருஷம் கழித்து அந்த வாய்க்கால் இருந்ததா இல்லையா என்று நம் சங்கம் யாரிடமாவது மனு கொடுக்க நேர்ந்தால், தேதியோடு ஒரு படம் இருப்பது பத்துப் பேர் கையெழுத்தைவிட மேல். தேதி என்றதும் ஒரு செய்தி. படத்தின் உள்ளேயே எடுத்த நாள், நேரம் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்தப் பதிவும் போய்விடும், படமும் சுருங்கிவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்து அனுப்புங்கள், அப்படியே வரும்.

அந்த மாதம் கூரத்துக்கு ஒரு நடை போகிறோம். அதிகாலை 5.30-க்கு கேட்டில் வேன் நிற்கும். கோயிலில் எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்று அங்கிருப்பவர்களைக் கேட்ட பிறகுதான் கேமராவை வெளியே எடுப்போம். கருவறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டே எடுக்கலாம், என் சித்தப்பா வீட்டுத் திண்ணையும் இருக்கிறது.

கூட்டத்தில் பேசும் முறை பற்றி இரண்டு வார்த்தை. "சூப்பர்", "அருமை", கட்டைவிரல், இவை மூன்றும் கிளப் ஹவுஸுக்கு வெளியே. ஒவ்வொரு படத்துக்கும் மற்றவர்கள் முதலில், அதில் என்ன பார்க்கிறோம் என்று சொல்ல வேண்டும். எடுத்தவர் அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. இது கஷ்டமான விதி. நீங்கள் மாமரத்தை எடுத்ததாக நினைத்திருப்பீர்கள், எல்லோரும் அதன் கீழே இருக்கும் பிளாஸ்டிக் பக்கெட்டைப் பற்றியே பேசுவார்கள். அப்போதுதான் பக்கெட் இருந்தது உங்களுக்கே தெரியும். அடுத்த மாதம் நான்கு மூலையையும் பார்த்துவிட்டுத்தான் அழுத்துவீர்கள். நடுவர் பத்துக்கு ஆறு என்று எழுதிக் கொடுத்தால் இது தெரியுமா?

செயற்கை நுண்ணறிவில் செய்த படம் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் தனியாகச் சொல்லிவிட்டேன். அங்கே இல்லாத மயில் நம் மொட்டை மாடியில் ஆட வேண்டியதில்லை. வெளிச்சம் கூட்டுவது, ஓரம் வெட்டுவது, சாய்வை நிமிர்த்துவது எல்லாம் சரி.

எல்லாப் படங்களையும் மேக்ஸி அளவில் பிரின்ட் போட்டு லிஃப்டுக்குப் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒரு மாதம் வைப்போம். மெயின்டனன்ஸ் பாக்கிப் பட்டியலுக்குப் பக்கத்தில். அந்தப் பட்டியலையே பார்க்காமல் போகிறவர்கள் இனிமேல் அந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று பொருளாளருக்கு ஒரு நப்பாசை. மாதம் முடிந்ததும் பின்பக்கம் தேதி, இடம், எடுத்தவர் பெயர் எழுதி ஆல்பத்தில் சேர்த்துவிடுவோம். ஆல்பம் சங்க அலுவலகத்தில் இருக்கும். பிரின்டுக்கு பாஸ்வேர்டு தேவையில்லை.

முதல் தலைப்பு: "காலை 6 முதல் 7 வரை". அந்த ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த எதுவும் சரி, வீட்டுக்குள்ளும் சரி, வெளியிலும் சரி. சாய்ந்த வெளிச்சம், போனுக்குக் கஷ்டமே இல்லை. எடுக்கும் முன் லென்ஸை வேட்டி முனையால் துடையுங்கள், பாதிப் படங்களின் மங்கல் அதிலேயே போய்விடும். இரண்டு விரலால் இழுத்து ஜூம் செய்யாதீர்கள், நடந்து கிட்டே போங்கள். 25-ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். போனில் அனுப்பத் தெரியாதவர்கள் பி பிளாக் கீழ்த்தளத்தில் என் வீட்டுக்குப் போனையே கொண்டுவரலாம். 7 மணிக்கு மேல் வாருங்கள். 6 முதல் 7 வரை நான் வெளியே இருப்பேன்.

பின்னால் சுண்டலும் காபியும் வந்துவிட்டது.